பதினாறணாவும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

பத்திரம் எழுதும் கடையில் பிழை என்று ஒன்று கிடையாது. எல்லாமே பிற்காலத்துக் கோர்ட் வழக்குதான். நன்னிலத்தில் அப்படியொரு கடையில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். "மூணு மாசம் பார்ப்போம்" என்றார் கடை முதலாளி சார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என்னை நம்பி அப்பா நடவு, அறுப்புக் கூலிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஒரு தொகையை மூன்று முறை கூட்டிப் பார்த்தும் தூங்காதவர்களே, உங்களுக்காக இது.

முதல் வாரம்

தென்னந்தோப்பு விற்க வந்த பெரியவர், "அதுல எனக்கு எட்டணாம்மா" என்றார். அணாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. சார் காதில் விழாமல், "எட்டணான்னா எவ்வளவுங்க?" என்று கேட்டேன். முழுச் சொத்து பதினாறணா என்று விளக்கிவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி அவர் கேட்டார்: "பாதிக்குக் காலேஜ்ல என்னதாம்மா பேரு?"

ஐந்து பவுன்

தங்கை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்கு ஐந்து பவுன். அண்ணன் கொண்டுவந்ததோ ரூபாய்க் கட்டு. பேச்சு முடிந்தது தை மாதம்; எழுத வந்தது ஆனியில், பவுன் விலை ஏறிய பிறகு. தொகையைத் தட்டச்சு செய்யும்போது மனசு கேட்காமல், "எந்த நாள் விலைங்க?" என்றேன். கையெழுத்துப் போட வந்த தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அண்ணன் ஏ.டி.எம். போய்வந்தார். ஒரு குண்டுமணித் தங்கம்கூட அங்கே கைமாறவில்லை. போகும்போது என்னிடம் சொன்னார்: "நீ வாயத் தொறந்ததுல எனக்கு அரைப் பவுன் போச்சும்மா!"

நாலு சதவீதம்

மூன்று மாதம் முடிகிற நாள். எட்டுப் பங்காளிகளுக்குப் பாகப்பிரிவினை. பொது பம்பு செட்டில் ஆளுக்கு இரண்டணா பாத்தியம் என்றது பழைய பத்திரம். சதவீதமாக எழுதச் சொன்னார் சார். அணாவைக் காசாக்கும் பழைய அட்டவணையைப் போனில் தேடினேன். இரண்டணாவுக்குப் பன்னிரண்டு காசு. ஆளுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று அடித்துவிட்டேன். எல்லோரும் கையெழுத்தும் போட்டாயிற்று.

பதிவு அலுவலகத்தில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போது விரல்விட்டுக் கூட்டினேன். தொண்ணூற்றாறு. வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். பத்து வருஷம் கழித்து எட்டு வீடும் கோர்ட்டில் நிற்கும். எழுந்து, "சார், பன்னண்டரைன்னு இருக்கணும். நான் தப்பா அடிச்சுட்டேன்" என்றேன்.

பங்காளிகளில் மூத்தவர், "அப்ப நூத்துல மிச்சம் நாலு பங்கு தண்ணி யாருக்கு? தவளைக்கா?" என்றார். ஏழு பேர் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பிழையை அடித்துத் திருத்தி, எட்டுப் பேரிடமும் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். வேலை போயிற்று என்று நான் பையை எடுத்து, சொல்லிக்கொண்டு போக நின்றேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "நாளைக்கு ஒன்பதுக்கே வந்துடும்மா. பதினோரு பங்காளி வர்றாங்க."

அணா செல்லாமல் போய் என் அப்பாவின் வயதுக்கு மேல் ஆகிவிட்டதாம், நான் மட்டும் இன்னும் பதினாறையும் மூன்று முறை எண்ணிப் பார்க்கிறேன்.