சக்கரபாணி செய்த ஒன்பது பரிசுகள்

சக்கரபாணி இறந்த முப்பத்தெட்டாம் நாள், அவர் மகள் கலைவாணிக்கு அறிவியல் மன்றத்திலிருந்து போன் வந்தது. துக்கம் விசாரிக்க அல்ல. அவருடைய நோட்டுகள் வேண்டுமாம்.

மன்றத்துக்கு முப்பதாம் ஆண்டு விழா. மலர் போடுகிறார்கள். மன்றம் ஒரு காலத்தில் கொடுத்துவந்த இயற்பியல் கருவிப் பரிசின் வரலாறு அதில் பதினாறு பக்கத்துக்கு வருகிறது. பரிசு நின்று பதினேழு வருடம் ஆகிறது. ஒன்றை நடத்துவதைவிட அது நின்றபின் வரலாறு எழுதுவது மன்றத்துக்குச் சுலபம்.

போன் செய்தவர் செயலாளர் ராஜவேல். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், அந்தப் பரிசை இரண்டு முறை வாங்கியவர். மலருக்குக் கருவிகளின் படங்கள் தேவைப்பட்டன. பரிசு வாங்கியவர்கள் யாரிடமும் ஒரு கோடு வரைந்த தாள்கூட இல்லை. எல்லாம் சக்கரபாணியின் நோட்டில் இருந்தன. ஏன் அவரிடம் இருந்தன என்று ராஜவேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரலாறு அதோடு முடிந்திருக்கும்.

சக்கரபாணி புதுச்சேரி நெல்லித்தோப்புக்காரர். மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில்லில் ஆள் குறைத்தபோது ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தார். காலையில் பூட்டைத் திறப்பது, மேசை துடைப்பது, மாலையில் பூட்டுவது. இதுதான் அவருக்கு எழுதிக் கொடுத்த வேலை.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தா, உள்ளூரில் ஆய்வகக் கருவி செய்கிறவருக்கு வருடம் ஒரு வெள்ளிப் பதக்கம் தர வேண்டுமென்று பணம் கட்டிவைத்தார். பதக்கத்தின் ஒரு பக்கம் பழைய கலங்கரை விளக்கம். மறுபக்கம் பிரெஞ்சில் இயற்பியல் என்று ஒரே சொல். செய்கிறவருக்கு என்று சொல்தா எழுதியதை, விண்ணப்பம் அச்சடிக்கும்போது மன்றத்தார் வடிவமைத்த ஆசிரியருக்கு என்று மாற்றினார்கள். சொல்தாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை.

மொத்தம் பதின்மூன்று பதக்கங்கள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்பது கருவிகள் சக்கரபாணி செய்தவை. டிசம்பர் வந்தால் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஊசல் வேண்டும், லென்ஸ் தாங்கி வேண்டும், இந்தத் தடவை மின்சாரத்தில் ஏதாவது வேண்டும். ஐயப்பன் கோயிலுக்கு மாலை போடுகிற மாதம் என்பதால் கேட்கிற குரலில் பணிவு இருக்கும். பிப்ரவரியில் சால்வை, பதக்கம், குழுப் படம். படம் எடுக்கும்போது மேசையை நகர்த்துகிறவர் சக்கரபாணி.

இரண்டாயிரத்து ஆறில் அவரே விண்ணப்பம் போட்டார். உலோகக் கம்பி சூட்டில் எவ்வளவு நீள்கிறது என்று முள் நகர்ந்து காட்டும் கருவி. விண்ணப்பத்தை நிரப்பியது கலைவாணி. அப்போது பத்தாம் வகுப்பு. பதவி என்ற இடத்தில் லேப் அசிஸ்டெண்ட் என்று போடட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டுமே என்று.

"இல்லாதத எழுதாதம்மா. அட்டெண்டர்னே போடு" என்றார்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கருவியைத் திறந்தே பார்க்கவில்லை. ஆசிரியர் கையொப்பம் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. அடுத்த டிசம்பரில் ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தபோது, ஆய்வக நேரம் நாலு மணிவரைதான் என்று சொல்லிவிட்டுப் பூட்டை எடுத்தார். அவ்வளவுதான்.

அதே கல்லூரியில் அப்போது பேராசிரியராக இருந்த ராஜவேல் சளைக்கவில்லை. அலமாரியில் கிடந்த அந்தக் கருவியைப் பார்த்து அதேபோல் ஒன்றை லேத் பட்டறையில் செய்ய வைத்தார். பளபளவென்று பெயிண்ட் அடித்தார். சக்கரபாணியின் கருவியில் திருகாணி மரையில் நூல் சுற்றியிருக்கும். மில்லில் எந்த ஃபிட்டரும் செய்கிற காரியம். அதிர்வில் திருகாணி தளராது. ராஜவேலுக்கு அது அழுக்கு நூலாகத் தெரிந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுப் படியெடுத்தார். முனைவர் பட்டம் பெற்ற கண் அல்லவா.

நடுவர்கள் முன்னால் மேசை மின்விசிறி ஓடியது. மேசை லேசாக அதிர்ந்தது. விளக்கை ஏற்றும் முன்பே முள் நகரத் தொடங்கியது. கம்பி சூடாகாமலே நீள்கிறதே என்று ஒரு நடுவர் கேட்டார். புதுச்சேரி வெயில் என்று ராஜவேல் பதில் சொன்னாராம். அந்த வருடம் பதக்கம் யாருக்கும் இல்லை. மறு வருடமும் இல்லை. அப்படி நின்றதுதான் அந்தப் பரிசு.

கலைவாணி இப்போது சேதராப்பட்டில், அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் கம்பெனியில் இன்ஜினீயர். ராஜவேலிடம் ஒரே நிபந்தனை வைத்தாள். இந்தக் கருவிகளில் ஒன்பதைச் செய்தவர் சக்கரபாணி என்று மலரில் ஒரு வரி வர வேண்டும். நோட்டுகள் அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் அச்சுப்படியோடு வீட்டுக்கே வந்தார். அப்பாவின் படத்துக்கு எதிர் நாற்காலியில், படத்தைப் பார்க்காத கோணத்தில் உட்கார்ந்தார். நன்றி என்ற தலைப்பில் பன்னிரண்டு பேர். ஒன்பதாவது சக்கரபாணி. அவருக்கு முன்னால் பந்தல்காரர்.

அம்மா செல்வாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா" என்றார் ராஜவேல்.

"ஆமா சார். அதான் வெள்ளிய எல்லாம் உங்களுக்கே விட்டுட்டாரு."

அவர் காபியைக் கொஞ்சம் வேகமாகக் குடித்தார். பிறகு கலைவாணி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, பரிசு வாங்கியவர்களில் நாலு பேர் காலமாகிவிட்டதையும் அவர்கள் குடும்பம் மனம் நோகும் என்பதையும் விளக்கினார். தன் குடும்பத்திலும் ஒருவர் காலமாகியிருப்பதை அவள் நினைவூட்டவில்லை.

"அப்பாவே ஒரு நாளும் கேட்டதில்லம்மா. நீ ஏன் கேக்குற?"

"கேட்டாரு சார். ஃபார்ம் போட்டுக் கேட்டாரு. நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. சிவப்பு இங்க்."

அது கமிட்டி முடிவு என்றார். கமிட்டியில் யார் யார் என்று கேட்டாள். எழுந்துகொண்டார். நோட்டுகள் பீரோவிலேயே இருந்தன.

மலர் வந்தது. தகுதியான விண்ணப்பங்கள் வராததால் பரிசு நிறுத்தப்பட்டது என்று வரலாறு முடிந்திருந்தது. கருவிகளின் படம் வர வேண்டிய இடங்களில் சால்வைப் படங்கள். சக்கரபாணி பெயர் நன்றியிலும் இல்லை. பந்தல்காரர் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து கலைவாணி, அப்பா வேலை பார்த்த கல்லூரியிலிருந்து கம்பெனிக்கு வந்திருந்த கடிதத்தைத் தேடி எடுத்தாள். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறது, ஆய்வகக் கருவிகளுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வேலையைத் தனக்குத் தரும்படி மேலாளரிடம் கேட்டாள்.

துறைத்தலைவர் கவிநிலா சின்னப் பெண்; சேர்ந்து மூன்று வருடம். அலமாரியைத் திறந்துவிட்டாள். பரிசுக் காலத்துக் கருவிகளில் நாலு மிச்சமிருந்தன. கலைவாணி கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அளந்தாள். சலுகை எதுவும் காட்டவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை. சான்றிதழில் தயாரித்தவர் என்றொரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது.

பெயிண்ட் அடித்த கருவிக்கு, தயாரித்தவர்: பேராசிரியர் ராஜவேல். முடிவு: பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. மற்ற மூன்றும் பிழை எல்லைக்குள் இருந்தன. மூன்றும் அப்பாவின் நோட்டில் வரைந்திருந்தவை; மூன்றிலும் ஒரே பெயரை எழுதினாள்.

கவிநிலா இருப்புப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சான்றிதழ்களைப் படித்தாள்.

"சக்கரபாணின்னா எந்த ஊர் கம்பெனி மேடம்?"

"கம்பெனி இல்ல. நெல்லித்தோப்பு ஆளு. எங்கப்பா."

கவிநிலா நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை எடுத்து, பதிவேட்டில் தயாரித்தவர் என்ற இடத்தில் அந்தப் பெயரை மூன்று தடவை எழுதினாள்.