சான்றிதழுக்காக நான் சொல்லி வைத்த பொய்

எழுத்து எனக்குச் சரியாக வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் போனேன், அதோடு சரி. அதுக்கப்புறம் காப்பிப் பழம் பறித்த கை இது. பேர் எழுதுவேன், நம்பர் எழுதுவேன், டிக் போடுவேன். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கமில்லை. மறதியும் வந்துவிட்டது. எங்காவது தடுமாறினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளும் அதைத் தாண்டி மலைக்காரங்க வீடுகளுமாக ஐம்பது வீடு என் பொறுப்பு. மாசம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். துணிப்பையில் பிரஷர் பார்க்கிற மிஷின், மாத்திரை, ஒரு நோட்டு. சுகாதார நிலையத்தில் நர்சம்மா தருகிற மாத்திரையை உரியவங்க கையில் சேர்ப்பேன். பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவேன். அதிகமாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவேன். சேலத்திலிருந்து வரும் ஒரு தொண்டு நிறுவனம்தான் இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டது. பன்னிரண்டு வருசம் ஆகிறது. எனக்கு ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பிரஷர் பார்க்கிறவளுக்கு எதிராளி கையைப் பார்த்தால் போதும், அதனால்தான் இத்தனை வருசம் தாக்குப்பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

போன வருசம் நிறுவனத்தின் மேற்பார்வைப் பொண்ணு ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தரப் போறோம்."

"பன்னெண்டு வருசமா இல்லாத சான்றிதழ் இப்போ எதுக்கு கண்ணு?"

"உங்க வேலைக்கு ஒரு மதிப்புங்கம்மா. கட்டாயமெல்லாம் இல்லீங்க. விருப்பம் இருந்தா மட்டும்."

"விருப்பம் இல்லைன்னா?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கு மூணு பக்கம் பாரம்?"

அவள் சிரித்தாள். ஆதார் நகல் வேண்டும், போட்டோ ரெண்டு வேண்டும், ஒரு தேர்வும் இருக்கும் என்றாள். நான் பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போகும்வரை தலை நிமிரவில்லை.

எங்கள் லைனில் விருப்பம் என்று யாராவது சொன்னால் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் பறிக்கப் போன எஸ்டேட் முன்னொரு காலத்தில் கைமாறியபோது, விருப்பமுள்ளவங்க வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று ஒரு தாள் வந்தது. கட்டாயமில்லை, கட்டாயமில்லை என்று வீடு வீடாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஆறு மாசம் கழித்துத்தான் விளங்கியது, வேலையோடு குடியிருந்த வீட்டையும் சேர்த்து விட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று. அதற்குப் பிறகு யார் பேனாவை நீட்டினாலும் எங்கள் கை பின்னால் போய்விடும்.

ரெண்டு நாள் பாரத்தை மடித்து அரிசி டின்னுக்குக் கீழே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள், பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் இதே வேலை பார்க்கிற பொண்ணு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். அவள் பன்னிரண்டாவது படித்தவள், வண்டி ஓட்டுகிறவள். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் வீடுகளை அவளிடம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கையெழுத்துப் போட்டுத் தேர்வில் தோற்றாலும் என் வீடுகள் போகும், போடாவிட்டாலும் போகும். தேறினால் மட்டும் மிஞ்சும். நான் தனி ஆள். அந்த ஐம்பது வீட்டில்தான் என்னை வா, உட்கார் என்கிறார்கள். அது போனால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

தேர்வு ரெண்டு பாகம். முதல் பாகம் ஏற்காட்டில், வாயால் கேள்வி. குனிந்த தலையோடு பதில் சொன்னேன், தேறிவிட்டேன். ரெண்டாம் பாகம்தான் வீடு பார்ப்பது. தேர்வு வைக்கிறவர் என் கூடவே ஒரு வீட்டுக்கு வருவார். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்ய வேண்டும், அவர் பார்ப்பார்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அந்தக் காலத்தில் லைனைப் பார்க்கப் பெரிய ஆட்கள் கார் ஏறி வந்தால் எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பி முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வாசல் கழுவி வையுங்க, எது கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. அதே பழக்கம் எனக்கும். முதல் நாள் சாயந்திரம் வீடு வீடாகப் போனேன்.

"நாளைக்கு ஒரு சார் வர்றாருங்க. என்னைப் பத்தியும் கேப்பாரு, உங்களைப் பத்தியும் கேப்பாரு. எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வார்த்தையில் புரிந்துவிடும்.

மறுநாள் வந்தவர் நடுவயசுக்காரர். அமைதியான ஆள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. என் நோட்டைப் பிரித்து, கண் போன இடத்தில் விரலை வைத்தார். "இந்த வீட்டுக்குப் போலாமுங்களா?"

அது மிளகு பறிக்கிற ஒருத்தர் வீடு, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவர், மனைவி இல்லை. சில்வர் ஓக் மரத்தில் ஒத்தை மூங்கில் ஏணி சாத்தி, உச்சிக் கொடி வரைக்கும் ஏறுவார். இந்த வயசிலும் அவர் ஏறுவதுபோல் ஏற எஸ்டேட்டில் ஆள் இல்லை. மூன்று வருசமாகப் பிரஷர் மாத்திரை.

நாங்கள் போனதும் அண்ணன் எங்களுக்கு வரக்காப்பி ஊற்றிக் கொடுத்தார், தானும் ஒரு டம்ளர் குடித்தார். நான் மிஷினை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, ஆரம்பிக்கலையா?" என்றார் சார்.

"காப்பி குடிச்சிருக்காருங்க, பிரஷர் கூடக் காட்டும். அரை மணி நேரம் போகோணும்."

அவர் எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. அந்த அரை மணி நேரம்தான் என்னைக் கவிழ்த்தது. சார் சும்மா இராமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வேறு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். அவளுக்கு நான் அக்கா மாதிரி. எனக்காக உயிரையே கொடுப்பாள், வாயை மட்டும் மூடமாட்டாள்.

"இந்தம்மா எத்தனை நாளைக்கு ஒருக்கா வருவாங்க?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "எங்கக்காவா? தெனமும் வருவாங்க சார். நான் எங்க ஊட்ல விளக்கு வெக்கறதுகூட ஒரு நாள் மறந்துருவேன், அக்கா வர்றது தப்பாது."

"நோட்டுல மாசத்துக்கு ஒண்ணுதானே இருக்குது?"

"அது எழுதறது ஒண்ணுங்க சார். வர்றது முப்பது."

சார் எழுதினார்.

"உப்பு குறைச்சுக்கிட்டீங்களா?" என்று சார் அண்ணனைக் கேட்டார்.

"உப்பே தொடறதில்லீங்க," என்றார் அண்ணன். அவர் தலைக்கு மேலே கயிற்றில் கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது. சார் நிமிர்ந்து அதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி சட்டென்று, "அது பூனைக்குங்க சார்," என்றாள்.

"பூனை எங்கே?"

"அது வெளியூர் போயிருக்குதுங்க."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"மாத்திரை?"

"தெனமும் ஒண்ணு. ஒரு நாள் விட்டதில்லீங்க," என்றார் அண்ணன்.

அரை மணி முடிந்தது. காலைத் தரையில் ஊன்ற வைத்து, கையைப் பெஞ்சு மேல் வைத்து, பட்டையைக் கட்டினேன். மேலே நூற்றி எழுபத்தெட்டு, கீழே நூற்றி நாலு. சார் எட்டிப் பார்த்தார்.

"தினமும் மாத்திரை போடறவருக்கு இவ்வளவு இருக்காதுங்களே. நீங்க கட்டுனது சரியில்லையோ? இன்னொரு தடவை பாருங்க."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தேன். மேலே ரெண்டு குறைந்தது, அவ்வளவுதான். சார் பேனாவைத் திறந்தார். என் மிஷின் பொய் சொல்லவில்லை, என் கையும் பொய் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதுதான் பொய், அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான் வாய் திறக்காவிட்டால் பிரஷர் பார்க்கத் தெரியாதவள் என்று எழுதிவிடுவார், ஐம்பது வீடும் போகும். திறந்தால் அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். இந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. ஆனால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு அவர் நாளைக்கு ஏணி ஏறுவார். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணா, மாத்திரை அட்டையை எடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏனுங்க அம்மிணி, நேத்து வந்து என்ன சொன்னீங்க? எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்லச் சொன்னீங்களா, இல்லியா?"

பக்கத்து வீட்டுக்காரி, "ஐயோ, போட்டு உடைச்சுட்டாரே," என்று தலையில் கை வைத்தாள். சார் பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க சார்," என்றேன். "நாந்தான் சொன்னேன். எல்லா ஊட்லயும் சொன்னேன்." எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஆனால் சாருக்குக் கேட்டுவிட்டது.

அண்ணன் எழுந்து போய் அட்டைகளைக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டார். அந்த மாசத்து மாத்திரையில் நாலுதான் குறைந்திருந்தது.

"போட்டா ஏணில நிக்கறப்போ கிறுகிறுங்குதுங்க," என்றார். "சொன்னா நீங்க நோட்டுல எழுதுவீங்க. நோட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போகும். கணக்கெழுதற ரைட்டர் என்னை ஏணிய விட்டு எறக்கிக் களத்துல மிளகு காய வெக்கச் சொல்லிருவாரு. நான் என்ன பொம்பளையாளுங்களா?"

"ஏன், நாங்க காய வெச்சா மிளகு காயாதா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சார் அண்ணனிடம் நிதானமாகச் சொன்னார், மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க, கிறுகிறுப்பை டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார், அதுவரைக்கும் ஏணி வேண்டாம். "இதெல்லாம் ஆபீசுக்குப் போகாதுங்க," என்றும் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டாயமில்லை என்று சொன்னவங்களும் இப்படித்தான் நிதானமாகச் சொன்னார்கள்.

"நெசமாத்தானுங்களா?" என்று கேட்டேன்.

"நெசமாத்தானுங்க."

"யாருக்கும் போகாதுங்களா?"

அவருக்குக் கொஞ்சம் சலிப்பு. "எழுதி வேணும்னாலும் தர்றேனுங்க."

சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். நான் நோட்டைத் திருப்பி அன்றைய பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். "எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க." அன்றைக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, எனக்குத் தெரியாது. அவர் என்னையே பார்த்தார். அன்றைக்கு நானும் குனியவில்லை. அண்ணனின் நம்பர் எழுதிய இடத்துக்குக் கீழே, இந்த விவரத்தை எஸ்டேட்டுக்கோ வேறு யாருக்கோ தரமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு அந்தத் தாள் வேணும்," என்றார் அண்ணன்.

நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். கிழித்துக் கொடுத்தேன். சார் அதையும் பார்த்தார், அதையும் எழுதினார்.

சான்றிதழ் வரவில்லை. பிரஷர் பார்த்ததற்கு முழு மதிப்பெண்ணாம். வீட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்ததற்காக ரெண்டாம் பாகத்தை மறுபடி செய்து காட்ட வேண்டுமாம். வெள்ளக்கடைப் பொண்ணுக்கு வந்துவிட்டது. என் வீடுகளை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. இதுவரைக்கும் என்றுதான் சொல்ல முடியும். மேற்பார்வைப் பொண்ணு வரும்போதெல்லாம் அவள் பையில் புதுப் பாரம் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கிறேன்.

அண்ணன் மூணு வாரம் என்னைக் கண்டால் பாதையை விட்டுக் காப்பிச் செடிக்குள் இறங்கிப் போனார். நாலாவது வாரம் சுகாதார நிலையத்தில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார். ரைட்டரிடம் முட்டி வலி என்று சொல்லிக் களத்துக்குப் போய்விட்டதாகப் பேச்சு. ஆபீசுக்குச் சேதி போனதா, அவராக இறங்கினாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவருக்கும் என் மேல் சந்தேகம் இருக்கும். ஆனால் போன மாசம் கதவைத் திறந்து, பட்டை கட்டக் கையை நீட்டினார்.

அடுத்த மாசம் மறுபடி தேர்வு. இந்தத் தடவை யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கப் போவதில்லை.

இதை அச்சில் போடுகிறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். மேலே எழுதிய நம்பர் என் ஞாபகத்தில் இருப்பது. ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். சரியானது அந்தத் தாளில் இருக்கிறது, தாள் அண்ணனிடம் இருக்கிறது. யாராவது போய்க் கேட்டுச் சரிபாருங்க. அப்படியே இதை அவருக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்க. வேண்டாம் என்று அவர் சொல்கிற இடத்தை எடுத்துவிடுங்க. தாளைக் காட்டமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் திரும்பி வந்துவிடுங்க.