பின்னல் அறைக்குப் போன சிலேட்டு

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தபோது வகுத்தல் கணக்கு எனக்கு ஏறவே இல்லை. கணக்கு வராத பெண்களை லேஸ் பின்ன அனுப்புவது அங்கே வழக்கம். நானும் போய்விடுகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லத்தான் அன்று காலை வகுப்புக்குப் போனேன். என் இடத்தில் சிலேட்டு இல்லை.

"அங்கன பின்னல் ரூம்ல வச்சாச்சு. ஏட்டி, ஒனக்கு எதுக்குக் கணக்கு? அப்பளம் எண்ணத் தெரிஞ்சாப் போதும்" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போகிறேன் என்று நான் வாயைத் திறக்குமுன்பே அவராகவே என்னை அனுப்பிவிட்டார். பின்னல் அறைக்குப் போய்ச் சிலேட்டை எடுத்துவந்து வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"என்னட்டி இது?"

"கணக்கு சொல்லுங்க ஐயா, எழுதுதேன்."

அந்த வருஷம் கணக்கில் தோற்றேன். மறுவருஷமும் அதே வகுப்பில் உட்கார்ந்தேன். கணக்கு எனக்கு இன்றுவரை பிடிக்காது. அதை விட்டிருந்தாலும் வருந்தியிருக்கமாட்டேன். ஆனால் விடுவது நானாக இருந்திருக்க வேண்டும்.