கோகிலவாணி தள்ளிப்போட்ட வெளியீடு

கோகிலவாணியைப் பிடிவாதக்காரி என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சொல்கிறவர்களில் பாதிப்பேர் அவள் கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள். நானும் அவளைத் திட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், திட்ட எனக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

அஸ்தினாபுரத்தில் லோகநாதனின் வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். கீழே அவரும் அவர் மனைவி கோகிலவாணியும் அவருடைய அம்மா கங்கையம்மாளும் குடியிருந்தார்கள். மேலே கோகிலவாணி, விக்கி, நான், இன்னும் சில பிள்ளைகள். என் பெயர் ஷீலா. விக்கி எழுதும் கணினிப் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அக்காவுக்குப் பிறவிக் குணத்துக்கே சம்பளம் கிடைக்கிறது என்பான் அவன்.

கோகிலவாணியின் அப்பா காட்டாங்குளத்தூரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தியவர். காலையில் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்கிவிட்டு, அதே மாணவர்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்து எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் அவள். படித்து முடித்ததும் மறைமலை நகரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே அவளுக்கு சீனியர் லோகநாதன். கார் விசிறியோ வைப்பரோ, எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தரும் புரோகிராமை லோகநாதன் வரி வரியாகக் கையால் எழுதுவார். அவர் எழுதினால் தப்பு வராது என்று கம்பெனியே சொல்லும். ஆனால் அவருக்கோ அந்த வேலையே பிடிக்காது. போர்டில் நாலு கட்டம் போட்டு, கோடு இழுத்து, இதுதான் வேலை என்று எல்லோருக்கும் புரிய வைத்துவிடுகிறோம், பிறகு எதற்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிச் சாக வேண்டும், அந்தப் படமே தன்னை எழுதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பாராம். மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரும் ரயிலில் தொடையின் மேல் விரலால் கட்டம் போட்டுப் போட்டு அவளுக்குக் காட்டுவாராம். முதலில் மனுஷனுக்குக் கிறுக்கு என்று நினைத்ததாகவும், பிறகு தனக்கும் பிடித்துக்கொண்டதாகவும் அவள் சொல்வாள். சொல்லும்போது முகம் சிவக்கும்.

கல்யாணம் ஆனது. இரண்டு பேரும் வேலையை விட்டார்கள். மாடியில் மேஜை போட்டார்கள். அந்தக் கிறுக்குக்கு ‘கட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். திரையில் கட்டங்களை வரைந்து கோடுகளால் இணைத்தால் போதும். படத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சரியாக ஓடினால், பொத்தானை ஒரு தட்டு தட்டியதும் சிப்புக்கான புரோகிராமை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். அதை உருவாக்க நாங்கள் தலையால் தண்ணீர் குடித்தோம்.

அங்கே லோகநாதன் வைத்த ஒரு சட்டம் இருந்தது. கட்டம் என்ற அந்தக் கருவியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஓனர். திரையில் அந்தப் பகுதியைத் திறந்தாலே ஓனர் பெயர் தெரியும். அவர் பார்த்து ‘ஓகே’ தட்டாமல் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்ற முடியாது. ஓனரை மாற்ற ஒரே வழிதான் உண்டு: பழையவர் பெயருக்கு எதிரே ‘விலகியவர்’ என்று குறிக்க வேண்டும். அடுத்தவன் இலையில் கை வைப்பது போல அடுத்தவன் பகுதியில் கை வைக்கக் கூடாது என்பார் அவர். படத்தைப் புரோகிராமாக மாற்றும் பகுதிக்கு அவரே ஓனர். கருவியின் உயிரே அதுதான்.

வெளியீட்டுக்கு நாள் குறித்த பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூளைக்காய்ச்சல் அது. பிழைத்துவிட்டார். நடந்தார், சாப்பிட்டார், மரியாதையாகப் பேசினார். ஆனால் மறைமலை நகர் வேலையின் ஆரம்ப நாட்களுக்குப் பின்னால் நடந்தது எதுவும் அவரிடம் இல்லை. கல்யாணம் இல்லை, கட்டம் இல்லை, நாங்கள் யாரும் இல்லை. புதிதாகச் சொல்வதும் மறுநாள் வரை தங்காது. போனது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். கோகிலவாணி அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

காலையில் எழுந்து குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கம்பெனி பஸ் போய்விட்டதா என்று கேட்பார். கங்கையம்மாளைத் தெரியும். “இன்னாம்மா, இவ்ளோ நரைச்சுப் போச்சு?” என்று தினமும் புதிதாக வருத்தப்படுவார். கோகிலவாணியைத் தெரியாது. அவளை மேடம் என்பார். அவளும் தினமும் எதிரே உட்கார்ந்து, நான் உங்க வாணிங்க, உங்க சம்சாரம் என்று ஆரம்பித்து, ரயிலையும் கல்யாணத்தையும் சொல்லி, ஆல்பத்தைக் காட்டுவாள். அவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளை போலத் தலையைக் குனிந்து, மன்னிச்சுடுங்க மேடம் என்பார். ஒருநாளும் விடவில்லை அவள். ஒருமுறை மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: “அத்தையை அம்மான்னு கூப்பிடறார், ஷீலா. அவங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு. எவ்ளோ கேவலமா ஆயிட்டேன் பாரு.” எழுந்து போய் முகம் கழுவு என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்துத் தொலைத்தேன். எங்கள் முதல் வாடிக்கையாளர் வண்டிகளுக்கு விசிறி செய்கிறவர்கள். கட்டத்தில் வரைந்த விசிறி திரையில் அழகாக ஓடியது. சிப்பில் ஏற்றினால், முழு வேகம் தொட்டதும் பொசுக்கென்று நின்றுவிட்டது. வேகத்தைக் குறிக்கும் எண் பெரிதாகி, அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் சுழியத்துக்குப் போய்விடுகிறது. தப்பு இருந்தது லோகநாதன் சாரின் பகுதியில். ரெண்டு வரிதான் அக்கா, நானே போட்டுடறேன் என்றான் விக்கி. கோகிலவாணி கூடாது என்றுவிட்டாள். அது அவர் பகுதி, அவர் வந்து பார்ப்பார் என்றாள். வெளியீட்டைத் தள்ளிப்போட்டாள். மறுபடியும் தள்ளிப்போட்டாள். விசிறிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாடியில் வேலை பார்த்த பிள்ளைகளில் ஒருவன் வேறு இடம் தேடிப் போனான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரையெல்லாம் காக்க வைத்துக்கொண்டு என்ன கூத்து இது, ‘விலகியவர்’ என்று குறித்துவிட்டு வேலையைப் பார் என்று கத்தினேன்.

“என் கையால அவர் பேருக்கு நேரா அதைப் போடச் சொல்றியா?” என்றாள். “போட்டுட்டேன்னு வை, நாளைக்கு அவருக்கு ஞாபகம் வந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அவரைப் பார்ப்பேன்?”

விசிறிக்காரர்களுக்கு இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கடைசியில் அவளே அவரை மாடிக்குக் கூட்டி வந்தாள். அவருடைய பழைய நாற்காலியில் உட்கார வைத்து, கட்டத்தைத் திறந்து விசிறிப் படத்தைக் காட்டினாள். படம் நன்றாக இருக்கிறது என்றார். மரியாதைக்குச் சொன்னதுதான். பிறகு அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெறும் திரையைத் திறந்து, அதே விசிறிக்கு ஆதியிலிருந்து வரி வரியாகக் கையால் எழுத ஆரம்பித்தார். எந்த வேலை உலகத்தில் யாருக்கும் வேண்டாம் என்று இத்தனை வருஷம் உழைத்தாரோ, அதே வேலை. அவர் விரல்கள் பறந்தன. எண் எல்லை தாண்டாமல் தடுக்கும் வரியை எவரும் சொல்லாமலே சரியான இடத்தில் எழுதினார். பின்னால் நின்ற கோகிலவாணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “கை மறக்கலை ஷீலா. கை வந்துடுச்சு, மீதி வந்துடும்” என்றாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம் இல்லை.

விக்கி அந்தத் தடுப்பை அப்படியே பார்த்து, கட்டத்தில் மாற்றத்தைத் தயார் செய்தான். இனி ஓனர் ஓகே தட்ட வேண்டும், அவ்வளவுதான். கோகிலவாணி மவுஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். இங்கே ஒரு தட்டு தட்டுங்க, போதும் என்றாள். அவர் திரையை நன்றாகப் படித்தார். ஓனர் என்ற இடத்தில் லோகநாதன் என்று இருந்தது.

“என் பேர்லயே இன்னொருத்தர் இருக்காரா?” என்று கேட்டார்.

நீங்கதாங்க அது என்றாள் அவள். அவர் சங்கடமாகச் சிரித்தார். மவுஸை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். “இல்லைங்க மேடம். இதை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். அடுத்தவர் பகுதிக்கு நான் ஓகே போடறது தப்பு. அந்த லோகநாதன் வரட்டும், அவரைக் கேளுங்க.”

விக்கி வெளியே போய்விட்டான். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறமாட்டேன் என்கிறார், யாரிடம் போய் முறையிடுவது? கோகிலவாணி அவரைப் பத்திரமாகக் கீழே அழைத்துப்போய் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். லோகநாதன் என்ற பெயருக்கு எதிரே ‘விலகியவர்’ என்று குறித்தாள். ஓனர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். ஓகே தட்டினாள். பிறகு விசைப்பலகை மேல் கவிழ்ந்து, மாடி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அப்படியும் ஆசை விட்டதா அவளுக்கு? இல்லை. வெளியீட்டன்று பெரிய திரையில், இத்தனை பேர் நடுவில் பார்த்தால் நிச்சயம் ஞாபகம் வந்துவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாம்பரத்தில் ஓர் ஓட்டலின் மாடிக் கூடத்தை எடுத்திருந்தோம். மறைமலை நகர் இன்ஜினியர்கள் வந்தார்கள், காட்டாங்குளத்தூரிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். மேடையில் அவள்தான் பேசியிருக்க வேண்டும். முடியாது என்று விக்கியை ஏற்றிவிட்டு, முதல் வரிசையில் லோகநாதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மறுபக்கம் நான். கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். மேடையைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்கி கட்டங்களை வரைந்தான், கோடுகளை இழுத்தான், திரையில் ஓட்டிக் காட்டினான். பிறகு ஒரு தட்டு. மேஜை மேலிருந்த நிஜ விசிறி சுற்றத் தொடங்கியது. வேகம் ஏறி ஏறி உச்சத்தைத் தொட்டது. நிற்கவில்லை. கூடமே எழுந்து கை தட்டியது. லோகநாதனும் எழுந்தார். கண்கள் விரிந்திருந்தன. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்தக் கணம் நானும் நம்பினேன், பொய் சொல்லமாட்டேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“மேடம், ரயில்ல வரும்போதெல்லாம் இதைத்தான் நினைச்சுக்கினு வருவேன். எனக்கு முன்னாடியே யாரோ பண்ணிட்டாங்க. யாருங்க பண்ணது?”

நான் உங்க வாணிங்க என்று தினமும் ஆரம்பிப்பாளே, அப்படி ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“என் வீட்டுக்காரர்” என்றாள்.

அவருக்கு அத்தனை சந்தோஷம். கூட்டத்தில் முன்னும் பின்னும் தேடினார். “அவரைப் பார்த்துக் கை குடுக்கணுமே. வந்திருக்காரா?”

“இல்லைங்க,” என்றாள் கோகிலவாணி. “அவர் வரலை.”