நெபுலாவைச் சுரண்டிய ஸ்டூடியோ

கவரைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருப்பதைப் பற்றிப் பெருமையடிக்கிற அசடு இந்த ஜில்லாவில் ஒருவன்தான். சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறான். இந்தப் பத்தியையும் எழுதுகிறான்.

நாமக்கல்லிலிருந்து வந்த என் மச்சானுக்கு - மனைவியின் அண்ணன், பெரிய பண்ணைக்காரர் - டெலஸ்கோப்பில் நெபுலா காட்டினேன். வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, ஊதிய புகை அப்படியே நின்றுபோன மாதிரி ஒரு வெளிச்சம். நட்சத்திரமில்லை, ஒளிவிடுகிற வாயு.

மச்சான் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "மாப்பிள்ளே, கண்ணாடில உங்க மூச்சுப் பட்டிருக்குதுங்க. தொடச்சுப்போட்டுக் காட்டுங்க" என்றார்.

விடுவேனா? டெலஸ்கோப்பின் முதுகில் கேமராவைக் கட்டி, வானம் நகர நகரக் கையாலேயே திருகி, கழுத்துச் சுளுக்கோடு படம் பிடித்தேன். யுத்த காலத்தில் படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட் ஏது? என்னிடம் இருந்த கடைசி பிளேட் அது. கடைவீதி ஸ்டூடியோ ஆறுமுகத்திடம் கொடுத்து, வானத்துப் படம், நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரியும்படி சுத்தமாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

அந்தச் 'சுத்தமாக'... என் வாயைத் தைக்க வேண்டும்.

போன வாரம் படம் கைக்கு வந்தது. அப்படியே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். மச்சான் வீட்டில் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி உட்கார வைத்து, ஒரு பிரசங்கம் செய்துவிட்டுக் கவரைப் பிரித்தேன்.

நட்சத்திரங்கள் இருந்தன. நெபுலா இல்லை.

மச்சான் நிதானமாகச் சொன்னார்: "இப்பத்தான் சரியாத் தொடச்சிருக்கறீங்க."

அடுத்த பஸ்ஸில் சேலம். ஸ்டூடியோவில் பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தால், நெபுலா இருந்த இடத்தில் கத்தி சுரண்டின தடம்! பிளேட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும்; அதை ஏதோ கறை என்று நினைத்தாராம் ஆறுமுகம். கூலிகூடக் கேட்காமல் எடுத்துவிட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? இந்த ஊரில் எதையாவது உள்ளபடி படத்தில் பார்த்ததுண்டா? மிட்டாதாருக்கு வழுக்கையில் முடி முளைக்கிறது. அவர் சம்சாரத்துக்குப் பத்து வயது குறைகிறது. மனிதர்கள் போகட்டும் - வானம் என்ன பாவம் செய்தது? கோடானுகோடி மைல் தாண்டி வந்த வெளிச்சம், சேலம் கடைவீதியில் ஒரு சின்னக் கத்திக்குப் பலியாக வேண்டுமா? உள்ளதை உள்ளபடி காட்ட இந்த தேசத்தில் ஒரு ஸ்டூடியோ கிடையாதா?

இத்தனையும் ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆறுமுகம் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, உங்க கல்யாணப் படத்துல மூஞ்சியில இருந்த அம்மைத் தழும்பையும் நாந்தானுங்க எடுத்துவிட்டேன். அன்னிக்கு இன்னும் ரெண்டு காப்பி கேட்டீங்க."