படையலுக்கு ஒரு டம்ளர் கோகோ

கோகோத் தூள் பாலில் கரைவதில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடியும். அது பாலில் பரவுகிறது, சிறிது நேரம் பரவியபடி நிற்கிறது, பிறகு அடியில் படிகிறது. கொதிக்கும் பாலில் நேராகக் கொட்டினால் அந்த அளவுகூட நடப்பதில்லை. தூளில் எஞ்சியிருக்கும் கொழுப்பு ஈரத்தை விலக்கிவிட, சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு மேலே மிதக்கும். கரண்டியால் நசுக்கிப் பார்த்தால் உள்ளே உலர்ந்த தூள் அப்படியே இருக்கும். என் மனைவி இறந்த பிறகு நானாகப் போட்ட முதல் கோகோ அவ்வாறுதான் அமைந்தது.

அவள் வேதியியல் படித்தவள் அல்லள். டம்ளரின் அடியில் இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டு, துளி உப்புச் சேர்த்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு, சந்தனம் குழைப்பதைப் போலக் குழைப்பாள். விழுது பளபளக்கத் தொடங்கிய பிறகே பால் பாத்திரத்துக்குக் கை போகும். நாட்டுச் சர்க்கரையைக் கடைசியில் சேர்த்து, டபராவுக்கும் டம்ளருக்குமாக நான்கு முறை ஆற்றி, நுரை அடங்குவதற்குள் என் முன்னால் வைப்பாள். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. ஏழு ஆண்டுகள் இது நடந்தது. நான் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கூட" என்பேன். "நாளைக்குக் குறைச்சிடறேன்" என்பாள். ஏழு ஆண்டுகளில் குறைந்ததாக நினைவில்லை.

அதற்கு முன்பு நான் காப்பி குடிக்கிறவன். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த ஒருவன் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஐந்து டம்ளர் என்பதை மட்டும் சொன்னால் போதும். இதயத் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்பத் தொடங்கியபோது, மருத்துவர் காப்பியை நிறுத்தச் சொன்னார். அவருடைய அறையை விட்டு வெளியே வரும்போதே நான் நிறுத்திவிட்டேன். மாலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதை இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. மன உறுதி ஒன்று இருந்தால் எதையும் ஒரே நாளில் விடலாம் என்பேன். அவர்கள் பாதி குடித்த காப்பிக் கோப்பைகளோடு தலையசைப்பார்கள்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அதன் பின் வந்த நாட்களில் எனக்கு உட்கார இயலாமல் போனது. நாற்காலியில் அமர்ந்தால் எதையோ எடுக்க மறந்தது போல எழுந்துவிடுவேன். எழுந்த பிறகு எடுக்க எதுவும் இராது. முதல் பத்து நாட்களும் நெற்றிப்பொட்டில் விடாத வலி. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அண்டை வீட்டார் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டப்பட்டது. நான் காப்பி குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். கருமாதி முடிந்த பிறகு தலைவலி தானாக விட்டது, அமைதியின்மை விடவில்லை. ஒரு நாள் காரணமின்றிப் பஸ் ஏறிப் பாபநாசம் வரை போய், அங்கே இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பினேன். நடத்துநர் இரண்டு பஸ்ஸிலும் வேறு வேறு ஆள் என்பது ஆறுதலாக இருந்தது.

ஆடி மாதக் கடைசியில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அவளுடைய தங்கை போன் செய்தாள். கணவரோடு நெல் விவசாயம் பார்ப்பவள். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"அத்தான், புரட்டாசில வருஷ திதி வருது. இலையில அக்காவுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும். நீங்க ஒரு லிஸ்ட் போட்டு வைங்க. நான் முதல் நாளே வந்துடறேன்."

தாளை எடுத்து உட்கார்ந்தேன். பிடித்தவை என்று தலைப்பிட்டேன். வாழைக்காய் வறுவல் என்று எழுதி, அது எனக்குப் பிடித்தது என்பது நினைவுக்கு வந்து அடித்தேன். தயிர் வடையும் அவ்வாறே. நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவளுக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே உறுதியான விடை கோகோ. நான்கு மணிக்கு எனக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே அமர்வாள். "உனக்கு?" என்று கேட்டால், "உள்ளேயே குடிச்சாச்சு" என்பாள். ஆகவே கோகோ என்று எழுதினேன். அவள் கையால் போட்டது போலவே ஒரு டம்ளர் கோகோவை அவள் படத்துக்கு முன் வைத்துவிட வேண்டும். என்னால் செய்யக்கூடியதாக எஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அந்தச் சுவைதான் வரவில்லை. விழுதாகக் குழைக்கும் முறை சில நாட்களிலேயே கைக்கு வந்துவிட்டது. நுரையும் வந்தது. ஆனால் நாக்கின் பின்பகுதியில் கடைசியாக வந்து நிற்கும் ஏதோ ஒன்று இல்லை. அவள் ரகசியமாக ஏதேனும் சேர்த்திருக்க வேண்டும் என்று ஊகித்து, சமையலறை அலமாரியிலிருந்த ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன். ஏலக்காய் கோகோவைப் பாயசமாக்கியது. பட்டை நன்றாகவே இருந்தது. ஆனால் வேறு யாருடைய வீட்டிலோ குடிப்பது போல இருந்தது. சுக்கும் மிளகும் சேர்த்தது மழைநாளில் தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் உரசக் கூடாது. தேங்காய்ப்பாலில் போட்டால் பசும்பாலே வேண்டாம் என்னும் அளவுக்குக் கனமாக வருகிறது. ஒரு நாள் வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டுவிட்டேன். பால் திரிந்து போயிற்று. ஏன் திரியும் என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்கியவன், அதைக் கழுவுதொட்டியில் கொட்டிக்கொண்டு நின்றேன்.

இதனால் உடம்புக்கு என்ன நன்மை என்று நண்பர் ஒருவர் கேட்டார். இனிப்புச் சேர்க்காத கோகோத் தூளில் உள்ள சில சேர்மங்கள் இரத்தக் குழாய்களைச் சற்றுத் தளர்த்த உதவுவதாகக் கருதப்படுகிறது. மக்னீசியமும் இரும்பும் உண்டு. தியோபுரோமின் என்ற பொருள் காப்பியிலுள்ள கஃபீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மெதுவாக எழுப்பும், அடித்து எழுப்பாது. நிறம் கூடுவதற்காகச் சோடா உப்பு போன்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய தூளில் இந்த நன்மைகள் குறைந்துவிடும். சர்க்கரை கலந்து விற்கும் பொடிகளில் பேசுவதற்கு அதிகம் இல்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மருந்தாக நினைத்து யாரும் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் போன பிறகு பார்த்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்து கொண்டிருந்தது.

திதிக்கு முதல் நாள் பிற்பகல் கொழுந்தியாள் வந்தாள். ஒரு கையில் வாழையிலைக் கட்டு, மறு கையில் காய்கறிப் பை, காலில் குறுவை அறுத்த வயலின் சேறு. சமையலறை மேடையில் ஐந்து டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அத்தான் இது? கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ஈரம் பாக்குற மாதிரி வரிசையா வச்சிருக்கீங்க?"

"குடிச்சுப் பாரு. இதுல எது உங்க அக்கா போடுற மாதிரி இருக்கு?"

"நான் என்னத்தக் கண்டேன்? வேற ஆளே கிடைக்கலியா உங்களுக்கு?"

"நாளைக்கு இலையில வைக்கணும்மா. அவளுக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்குப் பிடிச்சது? அக்காவுக்கா? ஐயோ அத்தான், அவ இதை வாயில வச்சதே கிடையாது. மாட்டு மருந்து மாதிரி இருக்குடிம்பா."

"நாலு மணிக்கு அவளும் குடிப்பாளே. உள்ளேயே குடிச்சாச்சுன்னு சொல்லுவா."

"குடிப்பா. காப்பி. நீங்க ஹால்ல பேப்பர விரிச்சு உக்காந்திருப்பீங்க. இவ அடுப்படியில நின்னுகிட்டே மடக் மடக்குன்னு குடிச்சுட்டு வாயைத் துடைச்சுகிட்டு வருவா. உங்க முன்னாடி குடிச்சா உங்களுக்கு ஆசை வந்துருமாம்."

வீட்டில் காப்பி வாசனை இருந்தது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்காகப் போடுகிறாள் என்று எண்ணியிருந்தேன்.

"அப்ப தினமும் சாயங்காலம் டிகாக்‌ஷன் போட்டாளா?"

"போடாம? உங்களுக்கும் வேணும்ல."

"எனக்கு எதுக்கு?"

பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்துக் கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நிஜமாவே தெரியாதா? இத்தனை வருஷமா? நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? காப்பிய விட்டுட்டு முதல் ரெண்டு வாரம் நீங்க பண்ணுன கூத்தை மறந்துட்டீங்க. சோத்துத் தட்டைத் தள்றதும், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறதும். அக்கா டாக்டர்கிட்டயே போய்க் கேட்டுட்டா. கொஞ்சூண்டு கலந்து குடுங்க, பரவால்ல, ஆனா சார்கிட்ட சொல்லிடாதீங்க, சொன்னா அஞ்சு டம்ளர் கேப்பாருன்னாராம் அவரு. கோகோவுல கலந்துட்டா."

"எத்தனை ஸ்பூன்?"

"அதெல்லாம் யாரு கண்டா? அவ என்ன உங்கள மாதிரி லேப்ல நின்னா ஊத்துனா? கண்ணளவுதான்."

முதலில் எனக்கு வந்தது கோபம் என்பதை மறைப்பதற்கில்லை. மருத்துவருக்குத் தெரிந்திருக்கிறது, தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. என் மன உறுதி மட்டும் எதுவும் தெரியாமல் தெருவெல்லாம் நடந்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். புது ஆற்றின் கரையோடு நடந்தேன். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நடக்கும்போதுதான் அந்தப் பத்து நாள் தலைவலி நினைவுக்கு வந்தது. நாள்தோறும் சிறிதளவு கஃபீன் பெற்று வந்த உடம்பு அது திடீரென்று நின்றால் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது நான் அறியாதது அன்று. தலை வலிக்கும். இருப்புக் கொள்ளாது. அந்த நாட்களில் என்னுள் இருந்ததில் துக்கம் எவ்வளவு, காப்பி எவ்வளவு? பிரித்துச் சொல்ல எந்த முறையும் எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணமானவள் ஒருத்திதான்.

திரும்பும் வழியில் காப்பிப் பொடிக் கடை முன் நின்றேன். எட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தவன். என்ன கொட்டை, எவ்வளவு சிக்கரி என்று கடைக்காரர் கேட்டால் எனக்கு விடை தெரியாது என்று படியேறிய பிறகுதான் தோன்றியது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். அம்மா வாங்குறது தானே?"

"அதுதான்" என்றேன்.

அரைத்த பொடி சட்டைப்பையில் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள் பித்தளை ஃபில்டரைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தாள். கருமாதிக்கு மறுநாள் அதைப் பரணில் தூக்கி வைத்தவன் நான்தான். என் சட்டைப்பையை மோந்து பார்ப்பவள் போல மூக்கைச் சுளித்துவிட்டு, மேலும் தேய்த்தாள். ஐந்து டம்ளர்களும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. மேடையில் என் பட்டியல் தாள் இருந்தது. கோகோ என்பதை அடித்துவிட்டு, கீழே அவளுடைய கையெழுத்தில் நான்கு வரிகள்: காப்பி, முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு, ரவா உருண்டை, நுங்கு கிடைத்தால். புரட்டாசியில் நுங்குக்கு எங்கே போவது என்று கேட்டேன். "அக்காவும் வருஷம் பூரா அதத்தான் கேட்டா" என்றாள்.

மறுநாள் நண்பகலில் படைத்தோம். வெளிநாட்டிலிருக்கும் மகன் போன் திரையில் நின்று கும்பிட்டான். டிகாக்‌ஷனை நான் இறக்கினேன். பாலைக் கொழுந்தியாள் காய்ச்சினாள். படத்துக்கு முன் தலைவாழை இலையும் அதன் வலப்பக்கம் நுரையோடு ஒரு டம்ளர் காப்பியும் இருந்தன. அவள் உட்கார்ந்து காப்பி குடித்து நான் பார்த்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கற்பூரம் அணைந்தது. காக்கைக்கு வைத்துவிட்டு வந்து சாப்பிட்டோம். முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு மிகவும் புளிப்பாக இருந்தது. அவளுக்கு அவ்வளவு புளிப்புப் பிடிக்கும் என்பதை அறியாமல், நான் கேட்டபடி புளி குறைத்த குழம்பை அவள் எத்தனை ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறாள் என்று இலையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போனேன். இரண்டு ஸ்பூன் தூள், துளி உப்பு, ஒரு ஸ்பூன் வெந்நீர். குழைத்துப் பால் விட்டுச் சர்க்கரை போடும்போது கொழுந்தியாள் படத்தின் முன்னிருந்த டம்ளரை எடுத்து வந்தாள். காப்பி ஆறி, மேலே மெல்லிய ஏடு கட்டியிருந்தது.

"படைச்சத வீணாக்கக் கூடாது" என்றாள். ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு, என் கோகோவில் ஊற்றினாள். ஸ்பூன் எடுக்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. மிச்சத்தை நின்றபடியே தானே குடித்தாள்.

நான்கு முறை ஆற்றினேன். ஹாலுக்கு எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன். நாக்கின் பின்பகுதியில், இருக்க வேண்டிய இடத்தில், அது இருந்தது. பாதி டம்ளர் காலியானது. அவள் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"சர்க்கரை கொஞ்சம் கூட."

"நாளைக்கு நீங்களே குறைச்சுக்குங்க, அத்தான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினாள்.