தப்பு டீச்சர்

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘தப்பு டீச்சர்’. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், அந்த வாரம் நடத்தியதைத் திரும்பப் பார்ப்பதற்காக, கரும்பலகையில் ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போடுவார். குழுக்களாக உட்கார்ந்த பிள்ளைகள் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அது பாதி வேலைதான். தப்பு செய்தவர் அந்த இடத்தில் என்ன நினைத்திருப்பார் என்பதையும் சொன்னால்தான் மதிப்பெண். அந்தக் கற்பனை மனிதருக்கு வகுப்பில் ‘நம்ம ஆளு’ என்று பெயர்.

நான் பக்கத்து அறையில் சரித்திரம் எடுக்கிறேன். சுவரைத் தாண்டி வரும் கூச்சலைக் கேட்டு, இது பிள்ளைகளைக் குஷிப்படுத்தும் வேலை என்பதற்கு மேல் நான் எதுவும் நினைத்ததில்லை.

ஆனால் நல்ல தப்பைத் தயாரிப்பது லேசில்லை. பார்த்ததும் பல்லிளிக்கும் தப்பு உதவாது. டீச்சரின் கணவர் தையற்காரர். அவர் துணி வெட்டும்போது டீச்சர் பக்கத்தில் நின்று தப்புக் கணக்குகளைப் படித்துக் காட்டுவாராம்.

“இது தப்புன்னு எனக்கே தெரியுதே. வேற கொண்டா.”

“சரி, இது?”

“இது சரியாத்தான இருக்கு.”

“அப்ப வெள்ளிக்கிழமைக்கு இதுதான்.”

“என்னை ஏமாத்திப் பாக்கத்தான் கட்டிக்கிட்டியா நீ?”

தலைமையாசிரியருக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. “தப்பைப் போட்டுக் காட்டினா அதுதான் மனசுல பதியும் டீச்சர். அந்த நேரத்துல மாதிரித் தேர்வு எழுத வைங்க” என்றார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். தலைமையாசிரியர் என்னையும் கூப்பிட்டார்: “வாங்க சார், சத்தம் உங்களுக்குத்தான அதிகம் கேக்குது.”

இருவரும் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். டீச்சர் 3(x − 4) = 2x + 5 என்று எழுதினார். அடுத்த வரி, 3x − 4 = 2x + 5. பிறகு 3x − 2x = 5 − 4. விடை ஒன்று.

முன் குழுவிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “அடைப்புக்குள்ள இருக்கற நாலையும் மூணால பெருக்கணும் டீச்சர். நம்ம ஆளு எக்ஸோட நிறுத்திட்டாரு. வாசல்ல முதல்ல நின்னவனுக்கு மட்டும் சாப்பாடு போட்டுட்டு உள்ள போயிட்டாரு.”

வகுப்பு சிரித்தது. மதிப்பெண் விழுந்தது. ஜன்னலோரக் குழுவில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி கையை இறக்கவே இல்லை.

“இன்னொரு தப்பு இருக்கு டீச்சர். மைனஸ் நாலு அந்தப் பக்கம் போனா பிளஸ் ஆகணும். மைனஸாவே இருக்கு.”

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். இன்றைக்கு இரண்டு தப்பு வைத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பாடவேளை பறிபோகும் பயமும் இருந்திருக்காது.

“இது நான் வச்சது இல்ல” என்றார் டீச்சர். “நிஜமாவே தப்பு பண்ணிட்டேன்.”

அந்தப் பெண் கேட்டாள்: “இதுக்கும் மார்க் உண்டா டீச்சர்?”

“உண்டு. ஆனா நம்ம ஆளு என்ன நெனச்சாருன்னு சொல்லணும்.”

“பின்னாடி உக்காந்திருக்கற பெரிய சாரை நெனச்சாரு.”

தலைமையாசிரியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, கணக்கை முதல் வரியிலிருந்து சரியாகப் போடச் சொன்னார். விடை பதினேழு.

தன் பிழையை ஏற்பது பற்றிப் பெரியவர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். எழுதும்போது அவர்கள் முன்னால் எதுவும் பறிபோகக் காத்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மணி அடித்ததும் தாழ்வாரத்தில் தலைமையாசிரியர் சொன்னார்: “நீங்க சொல்லலைன்னா அதையும் நீங்க வச்சதாத்தான் நெனச்சிருப்பேன்.”

“பிள்ளைங்களும் அப்படித்தான் நெனச்சிருக்கும் சார். அப்புறம் நான் நிஜமாத் தடுக்கினா யாரு சொல்லுவா?”

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“மாதிரித் தேர்வை வேற நாள் பாத்துக்கலாம். இதை நடத்துங்க. கதவை மட்டும் சாத்திக்கோங்க, சரித்திர சார் பாவம்.”

“திறந்தே இருக்கட்டும்” என்றேன்.